இறந்தது கோவையில், தகனம் கொழிஞ்சாம்பாறையில்: வாசகர் கேள்வி பதில்

சாவு காரியம் பற்றி முன்கூட்டியே பேசுவது அபசகுனம் என்று நினைக்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டி வாழ்கிற நமக்கு ஆஸ்பத்திரி ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில். அதனால்தான் இத்தனை குழப்பம். இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி: மாமனாருக்கு ஈரல் கெட்டுப்போய் கோவையில் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். இனி செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உயிரோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர், அங்கேயே இருக்கட்டும் என்கிறார் நாத்தனார். அங்கே உயிர் பிரிந்தால் கேரளாவுக்குக் கொண்டுவர அனுமதி வேண்டுமா? இறப்புச் சான்றிதழ் எங்கே வாங்க வேண்டும்?

அம்மா, முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது, எங்கே எரித்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. கோவை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால் கோவை மாநகராட்சியில்தான் பதிவாகும், அந்தத் தகவலை அனுப்புவதும் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. நீங்கள் உடலை ஊருக்குக் கொண்டுவந்து எரித்துவிட்டு இங்கே பஞ்சாயத்தில் போய்ப் பதிவு கேட்டால் தரமாட்டார்கள், தரவும் முடியாது. இது தெரியாமல் இரண்டு ஆபீசுக்கும் மாறி மாறி அலைகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். கோவையில் வாங்கின சான்றிதழ் கேரளாவிலும் செல்லும். வில்லேஜ் ஆபீசில் வாரிசுச் சான்றுக்கும், நிலம் போக்குவரவு (பட்டா மாற்றம்) செய்யவும், பென்ஷனுக்கும் அதையே கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இறப்பு அறிக்கைப் படிவம் எழுதும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் இனிஷியலை முன்னால் போடுவார்கள், கேரள ஆவணங்களில் அது பின்னால் இருக்கும், சில ஆவணங்களில் வீட்டுப் பெயரும் சேர்ந்திருக்கும். ஆதார் நகலைக் கையில் கொடுத்து, அதில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள், நிரந்தர முகவரிக் கட்டத்தில் கொழிஞ்சாம்பாறை முகவரியைச் சொல்லுங்கள். சான்றிதழில் பெயர் மாறி வந்துவிட்டால் அதைத் திருத்த அலைகிற அலைச்சல் துக்கத்தைவிடப் பெரிசாகப் போய்விடும்.

உடலைக் கொண்டுவர: நோயினால் இயற்கையாக வந்த மரணம் என்றால் ஆஸ்பத்திரி கொடுக்கிற மரணச் சான்றும், இறந்தவரின் அடையாள அட்டை நகலும், கூட வருகிற உறவினரின் அடையாள அட்டையும் வண்டியில் இருக்கட்டும். சாலை வழியாக வேலந்தாவளம் தாண்டுவதற்கு இவையே போதும், வழியில் போலீஸ் நிறுத்திக் கேட்டாலும் இவற்றைத்தான் கேட்பார்கள். இரண்டு மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கே சுடுகாட்டிலும் ஒன்று கேட்பார்கள். இறப்புக்கான காரணத்தை எழுதிய டாக்டர் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதனால் தயங்காமல் கேளுங்கள்.

விபத்து, விஷம், பாம்புக்கடி, கீழே விழுந்தது, தீக்காயம், இந்த வகை மரணமெல்லாம் வேறு. பல நாள் சிகிச்சையில் இருந்து இறந்தாலும் போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் உடல் கிடைக்கும். சம்பவம் கேரளாவில், மரணம் கோவையில் என்றால் இரண்டு பக்கத்துக் காவல் நிலையமும் இதில் வரும், நேரம் எடுக்கும். முதல் தகவல் அறிக்கையின் நகலை ஆரம்பத்திலேயே கையில் வைத்திருந்தால் கொஞ்சம் சீக்கிரம் நகரும். உங்கள் மாமனார் விஷயத்தில் இது எதுவும் வராது.

இனி, உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவது. சொந்தத் திண்ணையில் மூச்சு அடங்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் புரிகிறது, அதை நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். வழியில் வண்டியிலேயே உயிர் பிரிந்துவிட்டால், வண்டி முதலில் எங்கே நிற்கிறதோ அந்த ஊரில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, தகவல் சொல்ல வேண்டியது வண்டியின் பொறுப்பில் இருப்பவர். ஆக்சிஜன் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து, எல்லையில் எந்த இடத்தில் அடங்கியது என்றே தெரியாமல் தவிக்கிற நிலைமை வேண்டாம். வீடு வந்து சேர்ந்து இறந்தால் பஞ்சாயத்தில் 21 நாளுக்குள் வீட்டுத் தலைவர் தகவல் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்து, உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் வந்து பார்த்து இறப்பை உறுதி செய்து எழுதிக் கொடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. 21 நாள் தாண்டினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஒரு வருடம் வரை மாவட்டப் பதிவாளர் அனுமதி, அதற்கும் மேலே போனால் மாஜிஸ்திரேட் உத்தரவு. கருமாதி முடியட்டும் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவதானால் வலி தெரியாமல் இருக்க மருந்து என்ன, யார் வந்து போடுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். கேரளாவில் உள்ளாட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ்கள் இருக்கிறார்கள். அது நம் பக்கத்துக்குப் பெரிய வரம், உங்கள் பஞ்சாயத்தில் இன்றைக்கே போய்க் கேளுங்கள். அந்த ஏற்பாடு ஆகிவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே நல்லது. ஆகவில்லை என்றால் நாத்தனார் சொல்வதைக் கேளுங்கள், வலியோடு வீட்டில் கிடக்க வேண்டாம்.

குனியமுத்தூரில் வாடகைக்கு இருக்கும் ஒரு வாசகர்: சொந்த ஊர் பாலக்காடு, இப்போது அங்கே வீடு கிடையாது. அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் உடலை வீட்டில் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் போலிருக்கிறது. கேஸ் மேடையில் வைத்தால் சடங்கு எல்லாம் ஒழுங்காகச் செய்ய முடியுமா?

முடியும். ஆத்துப்பாலம் மின் மயானம் உங்களுக்குப் பக்கம். கோவையில் அது போக இன்னும் சில எரிவாயு தகன மேடைகளும் இருக்கின்றன, சிலவற்றை மாநகராட்சிக்காக ஈஷா போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. முதலில் போன் போட்டு நேரம் குறித்துவிட்டு அப்புறம் சொந்தக்காரர்களுக்கு எத்தனை மணிக்கு எடுப்பு என்று சொல்லுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மயான வாசலில் உடலோடு காத்திருக்கிறார்கள்.

வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், குடம் உடைப்பது, கொள்ளி எல்லாம் மேடைக்கு வெளியிலேயே நடக்கும். நெஞ்சின் மேல் கற்பூரம் ஏற்றிக் கொள்ளி வைத்த பிறகு தள்ளுமேடை உள்ளே போகும். விறகுச் சிதையில் முழுதாக எரிந்து அடங்க அரை நாள் ஆகும், நானூறு ஐந்நூறு கிலோ விறகு பிடிக்கும். கேஸில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அஸ்தி அன்றைக்கே கைக்கு வரும், மறுநாள் போய்ப் பால் தெளிக்கிற வழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கே அங்கேயே அதைச் செய்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் விறகு நனைந்து பாதி எரிந்த உடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் கேஸ் மேடையைக் குறை சொல்லமாட்டார்கள். நான் கேஸ் மேடை பக்கம்தான்.

அம்மாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அதை எடுக்காமல் உள்ளே அனுப்பக்கூடாது, அதிலிருக்கிற பேட்டரி சூட்டில் வெடிக்கும், அடுப்பும் கெடும், ஆளுக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பாலியஸ்டர் புடவை, பிளாஸ்டிக் மாலை, கண்ணாடி வளையல் இவற்றையும் கழற்றிவிடுங்கள், பழைய பருத்திப் புடவை போதும். சனிப்பிணம் தனிப்போகாது என்று கோழிக்குஞ்சைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் தயவுசெய்து அதை வெளியிலேயே அவிழ்த்து விட்டுவிடுங்கள். உயிருள்ளது ஒன்று, பாவம்.

வீட்டுக்காரர் விஷயம்: இப்போதே நேரில் பேசிவிடுங்கள். ஃப்ரீசர் பெட்டி வைத்து ஒரு ஆறு மணி நேரம், வாசலில் பந்தல் வேண்டாம், பறை வேண்டாம் என்று சொன்னால் பலர் சம்மதிக்கிறார்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பதற வேண்டாம், ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்து நேராக மயானத்துக்கே கொண்டுபோய், உறவினர்களை அங்கே வரச் சொல்லலாம். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் தமிழ்நாட்டில் 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும், அந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இல்லை, அம்மாவுக்குப் பாரதப்புழைக் கரைதான் ஆசை என்றால் திருவில்வாமலை பக்கம் பாம்பாடி ஐவர் மடம் இருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் இறந்தவர்களுக்குப் பாண்டவர் ஐவரும் கிரியை செய்த இடம் என்று சொல்வார்கள், பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மூன்று ஜில்லாவிலிருந்தும் அங்கே உடல்கள் வருகின்றன. மாமர விறகும் சிரட்டையும் வைத்துப் பழைய முறையில் எரிப்பார்கள். அம்மா நன்றாகப் பேசுகிற நிலையில்தானே இருக்கிறார்? அவரையே கேளுங்கள். வயதானவர்கள் இதற்குப் பயப்படுவதில்லை, நாம்தான் பயப்படுகிறோம்.

வண்ணாமடையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் மூன்று பெண்கள், அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்கு நானே கொள்ளி வைக்கலாமா? சுடுகாட்டில் தடுப்பார்களா?

வையுங்கள் அம்மா. பெண் கொள்ளி வைக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, பொதுமயானத்தில் உங்களைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வாஜ்பாய்க்கு 2018-இல் வளர்ப்பு மகள்தான் கொள்ளி வைத்தார், நாடே டிவியில் பார்த்தது. பங்காளி யாராவது முணுமுணுத்தால், இத்தனை வருடம் அப்பாவுக்குச் சோறு போட்டது யார் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகி: நாங்கள் கத்தோலிக்கர்கள். தன்னை எரிக்கச் சொல்லி என் கணவர் பிடிவாதமாக இருக்கிறார். சர்ச்சில் பூசை வைப்பார்களா?

கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக எரிக்கச் சொன்னால்தான் தடை. 2016-இல் வத்திக்கான் மறுபடியும் தெளிவாகச் சொன்னது: சாம்பலை வீட்டில் வைப்பதும் ஆற்றில் கரைப்பதும் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும். கொரோனா காலத்தில் 2020-இல் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே எரித்து, சாம்பலை அங்கேயே அடக்கம் செய்தார்கள். நீங்கள் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் என்றால், கணவரையே பங்குத் தந்தையிடம் நேரில் பேசச் சொல்லுங்கள். அடக்கம்தான் என்று மனம் மாறினாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், இடநெருக்கடியால் கேரளத்தில் பல சர்ச்சுகளில் குழி யாருக்கும் நிரந்தரமில்லை. சில வருடம் கழித்து எலும்புகளை எடுத்து அஸ்திக்குழியில் சேர்த்துவிட்டு அதே இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க நினைக்கிறேன். பிள்ளைகளில் ஒருவனுக்குச் சம்மதம் இல்லை. எழுதிக் கொடுத்தால் போதுமா?

மாஸ்டர், உங்கள் எண்ணத்துக்கு வணக்கம். உடற்கூறு படிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் இன்னும் ஒரு வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். பாலக்காட்டு யாக்கரை அரசு மருத்துவக் கல்லூரியோ கோவை மருத்துவக் கல்லூரியோ, எதற்குக் கொடுப்பதானாலும் அங்கே உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து நகலை வீட்டில் வையுங்கள். சும்மா வாயால் சொல்லி வைப்பது போதாது. மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு வந்து, உடல் எர்ணாகுளம் மருத்துவக் கல்லூரியில் இருக்க, வழக்கு உயர் நீதிமன்றம் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. உடல் கடைசியில் கல்லூரிக்கே என்று ஆனது, ஆனால் அந்தக் குடும்பம் பட்ட பாடு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். உங்கள் இறப்புக்குப் பின்னால் கல்லூரிக்குப் போன் செய்யப் போவது அந்தப் பிள்ளைகள்தான், அதனால் மறுக்கிற மகனை உட்காரவைத்துப் பேசுங்கள்.

பிரேதப் பரிசோதனை ஆன உடலையும், சில தொற்று நோய் உள்ள உடலையும் கல்லூரியில் ஏற்கமாட்டார்கள். அந்த நிலைமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதி வையுங்கள். கண் தானம் தனி, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், சர்க்கரை வியாதியோ கண்ணாடியோ அதற்குத் தடை இல்லை.

முதலமடை பஞ்சாயத்திலிருந்து ஒரு வாசகர்: எங்களுக்கு இருப்பது மூன்று சென்ட். பக்கத்தில் இருக்கிற சுடுகாடு வேறு சாதிக்காரர்களுடையது, எங்களை விடுவதில்லை. போன வருடம் சித்தப்பாவை எரிக்க இடமில்லாமல் எங்கெங்கோ அலைந்தோம். நாங்கள் என்ன செய்வது?

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. தெற்குப் பக்கத் தோட்டத்தில் மாமரம் வெட்டி வீட்டிலேயே எரிப்பது கேரளத்து வழக்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள், தோட்டம் இருந்தால்தானே? லட்சம் வீடு என்கிற அரசுத் திட்டக் குடியிருப்புகளிலும் காலனிகளிலும் இருக்கிற தலித், ஆதிவாசிக் குடும்பங்கள் அடுக்களைத் தரையை உடைத்துப் புதைத்த கதை இந்த மாநிலத்தில் ஒன்றிரண்டு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் நிலைமை இதுதான். வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் 2019-இல் பாதையில் விடாததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்தது.

பொதுமயானம் யாரும் போடுகிற பிச்சை இல்லை. மயானம் அமைத்துப் பராமரிப்பது 1994-ஆம் வருடத்துக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமைகளில் ஒன்று. அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். அந்தச் சுடுகாட்டு நிலம் புறம்போக்கா, தனியார் சமுதாயத்துக்குச் சொந்தமா என்று வில்லேஜ் ஆபீசில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டால் எழுத்தில் பதில் வரும். புறம்போக்கு நிலமோ பஞ்சாயத்துப் பராமரிப்பில் உள்ளதோ என்றால் அங்கே உங்களைத் தடுப்பது தீண்டாமைக் குற்றம். 1955-ஆம் வருடத்துக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சுடுகாட்டையும் இடுகாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். போலீசில் எழுத்தில் கொடுங்கள். தனியார் நிலம்தான் என்றால் மயானத்துக்கு இடம் கேட்டு, உங்கள் பகுதியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். வார்டு உறுப்பினரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது அங்கேயே நின்றுவிடும், மினிட்ஸில் ஏறியதா என்று பாருங்கள். கலெக்டருக்கும் எஸ்.சி. வளர்ச்சி அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் மனு கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

அதற்குள் யாராவது இறந்தால் வீட்டு முற்றத்துக்கே வருகிற நடமாடும் எரிவாயு தகன வண்டிகள் கேரளத்தில் இருக்கின்றன, கொஞ்சம் இடம் இருந்தால் போதும். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து எண்ணை வாங்கி வையுங்கள். கிணற்றுப் பக்கத்தில் புதைக்க மட்டும் வேண்டாம், வேறு வழியே இல்லை என்றாலும் வேண்டாம், பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது. மனுவை எழுதிய பிறகு எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பதில் வந்ததா என்று நானும் தொடர்ந்து கேட்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: அஸ்தியை எங்கே கரைப்பது? ராமேஸ்வரம் போயே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பேரூர் நொய்யல் படித்துறை உங்களுக்குப் பக்கம். அங்கே போட்ட எலும்பு வெண்கல்லாகும் என்பது பேரூரின் ஐந்து அதிசயங்களில் ஒன்று, கொங்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் போகிறார்கள். கேரளப் பக்கம் சொந்தம் இருந்தால் திருநாவாய், இல்லையென்றால் ஐவர் மடம். கோடையில் போனால் நீர் ஓட்டம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். அஸ்தியை மட்டும் கரையுங்கள், பிளாஸ்டிக் பையும் மாலையும் துணியும் ஆற்றில் வேண்டாம். ராமேஸ்வரமேதான் என்று முடிவு செய்து விமானத்தில் கொண்டுபோவதானால் இறப்புச் சான்றின் நகலும் மயான ரசீதும் கலசத்தோடு இருக்கட்டும்.